ஏ நம்பர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் சென்னையில் பதினாறு வருடம் வேலை பார்த்தபோது வந்த கோபம் வேறு ரகம். நாற்பது பேர் ஒரு மாடி முழுக்க உட்கார்ந்து, இரண்டு வருடம் பாடுபட்டு, யாரும் பயன்படுத்தாத ஒன்றைச் செய்து முடித்து, அதற்குக் கேக் வெட்டுவோம். அடுத்த திங்கட்கிழமை அதே நாற்பது பேரும் இன்னொன்றை ஆரம்பிப்போம். இது யாருக்கு வேண்டும், எந்த மனுஷன் இதைக் கேட்டான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். நல்ல கேள்வி, அப்புறம் பேசலாம் என்றார் மேலாளர். அந்த அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்காரருக்குப் பெரம்பலூர் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்ததும், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மூட்டை கட்டினேன்.

பெரம்பலூரில் டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்தேன். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே பேசுவது கேட்காது. மொத்தம் மூன்று பேர். என்னோடு ஒரு பெண், லப்பைக்குடிக்காட்டுக்காரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கல்யாணம், பிள்ளைகள் என்று எட்டு வருடம் வீட்டிலேயே இருந்தவள். கணவர் துபாயில். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவாள். திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும், போன் எடுத்துப் பேசுவதும் அவள் வேலை. இன்னொருவர் பூலாம்பாடிக்காரர். கம்ப்யூட்டர் அவர் கை பட்டால் சொன்னபடி கேட்கும். ஆனால் எதையும் இருக்கிறபடி விட்டுவைக்க அவரால் முடியாது. ஒரு பட்டன் வைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வைக்கக் கை அரிக்கும்.

முதல் பெரிய வேலை அரியலூர் பக்கத்திலிருந்து வந்தது. சிமெண்ட் ஆலைக்கு ஓடும் லாரிகளுக்கு ஓர் உரிமையாளர் சங்கம் இருந்தது. அதன் செயலாளருக்கு ஒரு வெப்சைட் வேண்டும். முகப்பில் தலைவர் படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தன் படம், இரண்டின் மேலும் பூ விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்று போனில் சொன்னார். நேரில் பேசப் போன அன்று அவர் வரவில்லை. சங்கத்தின் லாரி யார்டில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். அவர் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் பூ விழுகிற வெப்சைட்டைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

யார்டு முழுக்க வெள்ளைத் தூசி. லாரிகள் வரிசையாக நின்றன. ஓரத்தில் வண்டிகளுக்கு முறை போடும் டர்ன் ஆபீஸ், அதன் வாசலில் ஒரு கரும்பலகை. லாரி வந்ததும் ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுப்பார்கள். ஆலையிலிருந்து லோடு கேட்கக் கேட்க, போர்டு எழுதுகிறவர் அடுத்த எண்ணைப் பலகையில் எழுதி மைக்கிலும் கூப்பிடுவார். மூன்று தடவை கூப்பிட்டும் டிரைவர் வந்து நிற்கவில்லை என்றால் அந்த வண்டி வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஆகவே டிரைவர்கள் யாரும் யார்டை விட்டு நகர்வதில்லை. இரண்டு நாளோ நாலு நாளோ, வண்டிக்கு அடியில் படுத்து, பலகையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள்.

என் பக்கத்தில் நின்ற டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எத்தனை நாளாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று நாள் என்றார். வீடு உடையார்பாளையம் பக்கம் ஒரு கிராமம், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அவருடைய அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். கனத்த உடம்பு. புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். டிரைவர் வீட்டில் இல்லாத நாளில் அவர் மனைவி பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். வெளியாள் வந்து துணியை விலக்கித் தூக்கினால் கிழவர் அழுவாராம். அதனால் அந்த அம்மா கூப்பிடுவதில்லை. முதுகில் புண் வந்துவிட்டது.

ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாதா என்று கேட்டேன்.

"போனா, நேரம் பாத்து அப்பத்தான் கூப்புடுவாங்க. கடைசிக்குத் தள்ளிட்டா இன்னும் நாலு நாளு. அப்பாவ யாரு பாக்குறது, வண்டிய யாரு பாக்குறது?"

பலகையில் 112 என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக 112 ஏ. அடுத்து 113, அதன் பக்கத்தில் 113 ஏ. இந்த ஏ என்ன என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, செயலாளரின் மச்சான் வண்டிகள் என்றார். வரிசையில் நிற்காமல் நடுவில் நுழைகிறவர்களுக்கு ஏ. சாக்பீஸால் எழுதி, வண்டி போனதும் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு உள்ளே சுர்ரென்றது.

செயலாளர் வந்ததும், உங்களுக்கு வெப்சைட் வேண்டாம், வேறு ஒன்று தருகிறேன், மூன்று மாதம் காசு வேண்டாம் என்றேன். காசு வேண்டாம் என்றதும் அவர் வேறெதையும் கேட்கவில்லை.

ஒன்பது நாளில் செய்தோம். போனில் ஒரு பக்கம் திறக்கும். அதில் ஓர் எண் இருக்கும். இப்போது எந்த எண் லோடுக்குப் போகிறது என்பது மட்டும். அதற்குக் கீழே, அந்த எண் எத்தனை மணிக்கு மாறியது என்று சின்னதாக ஒரு வரி. கரும்பலகைக்குப் பதிலாகப் போர்டுக்காரர் போனில் ஒரே ஒரு பட்டன், 'அடுத்து'. அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற டிரைவர் தன் சீட்டையும் இந்த எண்ணையும் பார்த்து, எந்த பஸ் ஏறினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்.

இந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்துக்கு வருவதற்குள் எங்கள் அறையில் ஒரு யுத்தமே நடந்தது. பூலாம்பாடிக்காரருக்கு டிரைவர்கள் பதிவு செய்ய வேண்டும், ஓடிபி வர வேண்டும், லாரி எங்கே நிற்கிறது என்று வரைபடம் வேண்டும், டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நான் கத்தினேன். கீழே டயர் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். லப்பைக்குடிக்காட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு விதி போட்டாள்.

"யாருக்காச்சும் எதாச்சும் சேக்கணும்னு தோணுச்சுன்னா, அரியலூர் பஸ் ஏறி, யார்டுல அரை நாள் நின்னு, அஞ்சு டிரைவர்கிட்டக் கேட்டுட்டு வரட்டும். அப்புறம் பேசலாம்."

பூலாம்பாடிக்காரர் இரண்டு தடவை போனார். வரைபடத்தைப் பற்றிக் கேட்டதற்கு, என் வண்டி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா என்று ஒரு டிரைவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். மூன்றாவது தடவை போகச் சொன்னபோது, இருக்கிறதே போதும் மேடம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவளோ ஒரு வாரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னலோர வெயிலில், பழைய போன் ஒன்றை வைத்துச் சோதித்துக்கொண்டே போனாள். கருப்புப் பின்னணி வெயிலில் தெரியவில்லை என்று வெள்ளையாக்கினாள். எண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். சிக்னல் போகிற இடத்தில் பக்கம் வெறுமையாக நிற்கக் கூடாது, கடைசியாக வந்த எண்ணும் அது வந்த நேரமும் தெரிய வேண்டும் என்றாள். எண் பழையது என்றாவது மனுஷனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் வாதம்.

ஏ-க்கு மட்டும் இடமில்லை. அதை நான் வேண்டுமென்றே விட்டேன். 112-க்குப் பிறகு 113. நடுவில் நுழைய ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்று நினைத்து நினைத்துச் செய்தேன். எனக்கு அதில் அலாதி சந்தோஷம்.

பக்கம் ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் யார்டு காலியானது. லாரிகள் நின்றன, டிரைவர்கள் இல்லை. யார்டு வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் என்னைப் பார்த்த இடத்தில், நல்லா இருந்த பொழப்பைக் கெடுத்துட்டீங்களேம்மா என்று திட்டினார். பக்கத்து யார்டுகள் இரண்டு, எங்களுக்கும் அதே வேண்டும் என்று வந்தன. என் சொந்தக்காரர்கள் போனைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த ஒரு நம்பரைக் காட்டவா இத்தனை படிப்பு என்று கேட்டார்கள். சென்னையில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன், வேறு என்னென்ன வசதியெல்லாம் இருக்கிறது என்று விசாரித்தான். ஒன்றும் இல்லை, போனை வை என்றேன்.

ஒரு நாள் எங்கள் ஆபீஸ் எண்ணுக்கு ஓர் அம்மா போன் செய்தார். அந்த உடையார்பாளையம் பக்கத்து டிரைவரின் மனைவி. கணவர் இப்போதெல்லாம் லோடுக்குக் காத்திருக்கிற நாளில் வீட்டிலேயே இருக்கிறாராம். காலையும் மாலையும் இரண்டு பேருமாகப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களாம்.

"மாமாவுக்கு முதுகுப் புண்ணு ஆறிடுச்சுங்க. சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

போனை வைத்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்காரி அதை எங்களிடம் சொன்னாள்.

செயலாளர் சும்மா இருப்பாரா? மூன்று மாதம் முடிந்து ஒப்பந்தம் பேச சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கிற சின்ன உரிமையாளர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, தங்கச்சி, பழைய போர்டுல ஏ-ன்னு ஒண்ணு இருந்தது, அதுக்கு ஒரு சின்ன பெட்டி மட்டும் வச்சுக் கொடுத்துடுங்க என்றார். தங்கச்சியாம். அவருக்கும் எனக்கும் நாலு வயதுகூட வித்தியாசம் இருக்காது. பழைய போர்டில் இருந்த அசிங்கத்தைத் துடைக்கத்தான் வந்திருக்கிறோம், மறுபடி எழுதுவதற்கு வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். சின்ன உரிமையாளர்கள் சிரித்துவிட்டார்கள். பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸில் அதையே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் அரைக் கிலோ காராசேவு வாங்கி ஆபீஸுக்குக் கொண்டுபோனேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை போர்டுக்காரர் போன் செய்தார். ஐம்பதைத் தாண்டியவர், பயந்த சுபாவம், சங்கத்துச் சம்பளத்தில் இருப்பவர். லப்பைக்குடிக்காட்டுக்காரிதான் எடுத்தாள். ஏ ஒன்று போட வேண்டும், எப்படி என்று கேட்கிறார் என்று என்னிடம் திரும்பினாள். ஏ என்ற சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கூட்டத்தில் அந்த ஆள் நேராகக் கேட்டு நடக்கவில்லை என்று இப்போது இந்த அப்பாவியை வைத்துக் கேட்கிறான் என்று நினைத்தேன். போனைப் பிடுங்கினேன்.

"ஏ கெடையாதுன்னு கூட்டத்துலயே சொல்லிட்டேன். எத்தனை தடவை சொல்றது? யாரு கேக்கச் சொன்னாங்களோ அவங்ககிட்டயே போயிச் சொல்லுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இல்லீங்க, இது வந்து" என்பது வரை காதில் விழுந்தது. நான் வைத்துவிட்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், பையைக்கூட வைக்காமல் என் மேசைக்கு வந்தாள்.

"அந்த ஏ யாருக்குன்னு கேட்டீங்களாக்கா?"

யாருக்காக இருந்தால் என்ன என்றேன். சேர்க்க வேண்டும் என்றால் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று விதி போட்டோமே, முடியாது என்று சொல்வதற்கும் அதே விதிதானே என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. விதி போட்டவளே என்னை அதில் மாட்டுகிறாளே என்ற எரிச்சல். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவள் அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டாள். நான் வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றே தள்ளினேன். வேலை ஒன்றும் மலைபோல் இல்லை. போய் நின்றால் அவள் சொன்னதற்குப் பணிந்ததாக ஆகிவிடும் என்பதுதான் விஷயம். இப்படி எட்டு நாள் போனது.

ஒன்பதாவது நாள் அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அந்த அறையில் மூன்று பேரில் ஒருத்தி பேசாவிட்டால் உட்கார முடியாது. பத்து மணி பஸ்ஸில் அரியலூர் கிளம்பினேன்.

போர்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு யாருக்காகக் கேட்டீர்கள் என்றேன்.

"சாவு வூட்டுக்காரனுக்குங்க. ஏ-ங்கறது வேற யாருக்கு?"

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஏ என்பது செயலாளர் கண்டுபிடித்ததில்லை. அவர் லாரி வாங்குவதற்கு முன்னாலிருந்தே யார்டில் இருந்த வழக்கம். வரிசையில் காத்திருக்கும்போது டிரைவர் வீட்டில் சாவு விழுந்துவிட்டால் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். எல்லாம் முடித்துத் திரும்பி வந்ததும், அன்றைக்கு ஓடுகிற எண்ணுக்கு அடுத்தபடியாக ஏ போட்டு அவரை முதலில் அனுப்புவார்கள். கல்யாணம், காய்ச்சல், காதுகுத்து எதற்கும் கிடையாது, சாவுக்கு மட்டும். வந்தவர் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை. மொட்டைத் தலையோடு பலகைக்கு முன்னால் வந்து நிற்பார். மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். இதில்தான் சில வருடங்களாகச் செயலாளர் தன் மச்சானை நுழைத்துக்கொண்டிருந்தார்.

செத்தது யார் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உடையார்பாளையம் பக்கத்து டிரைவரின் அப்பா. அந்த டிரைவர் சீட்டு எண் 188. காலையில் 161 ஓடுகிறது என்று போனில் பார்த்துவிட்டு, மனைவியோடு சேர்ந்து அப்பாவைப் புரட்டியிருக்கிறார். அவர் கையில் இருக்கும்போதே கிழவர் போய்விட்டார். எங்கள் பக்கம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவர் யார்டில் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அதைப் போர்டுக்காரரிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

நாலாவது நாள் மொட்டைத் தலையோடு யார்டுக்கு வந்திருக்கிறார். 188 எப்போதோ போய்விட்டது. அன்றைக்கு 240 ஓடிக்கொண்டிருந்தது. பழைய பலகையாக இருந்தால் 240 ஏ. போர்டுக்காரர் கையில் இருந்ததோ ஒரே ஒரு பட்டன். எங்களுக்குப் போன் செய்தார். நான் கத்திவிட்டு வைத்தேன். மேடம் முடியாதுன்னுட்டாங்க என்று அவர் டிரைவரிடம் சொன்னார். கடைசி எண்ணில் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் ஆலையில் பராமரிப்பு என்று லோடும் குறைந்துவிட்டது. வண்டி ஒரு வாரம் அசையவில்லை.

லாரி அந்த டிரைவருடையது இல்லை. அவர் சாவுக்குப் போனதை உரிமையாளர் குறை சொல்லவில்லை, ஏ கிடைத்துவிடும் என்று பொறுத்திருந்தார். கிடைக்கவில்லை என்றதும் கோபம் முழுக்க டிரைவர் மேல் திரும்பியது. வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தே வண்டி ஓட்டலாம் என்று நினைத்தாயா என்று கேட்டிருக்கிறார். நான் போவதற்கு முந்தின நாள் சாவியை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த லாரி என் கண் முன்னால் நின்றது. கிளீனர் சீட்டில் கால் நீட்டி யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள். எட்டு நாளில் என்றைக்கு நான் பஸ் ஏறியிருந்தாலும் அந்த மனுஷன் வேலை போயிருக்காது. அதுவரைக்கும் எனக்கு வந்த கோபத்துக்கெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓர் ஆள் இருந்தார். மேலாளர், செயலாளர், பூலாம்பாடிக்காரர். இப்போது போர்டுக்காரர் மேல் பாய்ந்தேன். சாவு என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அவர் சீட்டு எழுதி மை படிந்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஏ-ன்னா சாவுதானுங்களே, அதை எதுக்குத் தனியா சொல்லணும் என்றார். அந்த நல்ல மனுஷனைத் திட்டியதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆபீஸுக்கு வந்து சொன்னேன். லப்பைக்குடிக்காட்டுக்காரி சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்கிற இன்னாலில்லாஹியை முணுமுணுத்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஏ-யைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் வைத்தால் மறுநாளே மச்சான் வண்டி உள்ளே வரும். பூலாம்பாடிக்காரர் பரபரவென்று ஆரம்பித்தார். இறப்புச் சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்து அனுப்பட்டும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து இருக்கட்டும், சங்கத்தில் மூன்று பேர் ஒப்புதல் கொடுக்கட்டும். அப்பா செத்த நாலாவது நாள் ஒருவன் ஆபீஸ் ஆபீஸாக அலைவானா என்று அவள் கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"மவுத்துன்னு வெளிப்படையா போட்டுருவோம்க்கா. ஏ போட்டா, அந்த நம்பருக்குக் கீழயே இன்ன வண்டிக்காரர் வூட்டுல இன்னார் தவறிட்டார்னு எல்லார் போன்லயும் வரட்டும். மைக்லயும் படிக்கட்டும். வேற காரணம் எழுத எடமே வேணாம். உயிரோட இருக்குற தாய் தகப்பன யாரு அதுல எழுதுவா?"

விதிப்படி பூலாம்பாடிக்காரர் பஸ் ஏறினார். யார்டில் ஐந்து டிரைவர்களைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். பொய்யாக அப்படி எழுதினால் என்று இவர் ஆரம்பித்ததும், அதை வாயால் சொல்லாதீர்கள் சார் என்று ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாராம். ஒரே நாளில் செய்து முடித்தோம். ஒரு பட்டனும் ஒரு வரியும்தான் கூடின.

செயலாளர் பத்து நாள்கூடப் பொறுக்கவில்லை. ஏ திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்ததும் யார்டுக்கு வந்து, மச்சான் வண்டிக்கு ஒன்று போடு என்றிருக்கிறார். போர்டுக்காரர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் பேரை எழுதட்டும், மைக்கில் யார் வீட்டுச் சாவு என்று படிக்கட்டும் என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். செயலாளரின் அம்மாவுக்கு எண்பது வயது, வீட்டில் நல்லபடியாக இருக்கிறார். மச்சானுக்கு மாமியாரும் அதே அம்மாதான். மனுஷன் காரில் ஏறிப் போய்விட்டாராம். போர்டுக்காரர் இதைப் போனில் சொல்லும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்களைத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த ஒரு வரியைத்தான் பாராட்டுகிறார்கள். மற்ற யார்டுகளும் அதையே கேட்டு வாங்கின. கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. அந்த வரியை எழுத வைத்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. லாரி உரிமையாளரிடம் போய், தவறு எங்களுடையது, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். புது ஆள் நன்றாக ஓட்டுகிறார், அவரை என்னவென்று சொல்லி நிறுத்துவது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வேறு இரண்டு பேரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

கடைசியில் நானும் லப்பைக்குடிக்காட்டுக்காரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போனோம். முந்திரித் தோப்பில் மருந்தடிக்கும் கூலி வேலைக்குப் போகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்தார். தலையில் முடி குத்துக் குத்தாக முளைத்திருந்தது. ஒரு கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று போனை வைத்தது நான்தான், காது கொடுத்துக் கேட்காமல் கத்தியதும் நான்தான், வேலை போனதற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். எட்டு நாள் வராமல் இருந்ததையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். நீங்க வேற யாருக்கோன்னு நெனச்சிருப்பீங்க என்று மட்டும் சொன்னார்.

அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற தவிப்பில் என் போனைத் திறந்து நீட்டினேன். இப்போது ஏ வைத்துவிட்டோம், இனிமேல் இந்த மாதிரி யாருக்கும் ஆகாது, பாருங்கள், பேர்கூட வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைத் தொட்டாள். நான் நிறுத்தவில்லை. அவர் போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, அந்த வரியை நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்குங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா எனக்கு எதுக்குங்க இது? சாவுறதுக்கு எனக்கு இன்னொரு அப்பாவா இருக்காரு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு ஏதாவது வந்திருக்கும்.